ஊரே திரண்டு வருகிறது

தேநீருக்கு நன்றி, சார்ஜென்ட். ஒரே பையை இரண்டு கோப்பைக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை. நானும் வீட்டில் அப்படித்தான்.

என் பெயர் அட்ராக்டா கில்ஹூலி. வயது ஐம்பத்தெட்டு. ஊர் லீட்ரிம் மாவட்டம், ட்ரம்ஃபின்னி. என் சித்தி மகளைக் கட்டியவர் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் என்பதால் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் அந்தக் கருவியில் பதிவாக வேண்டும் என்றால் பதிவாகட்டும். தொழில், தயாரிப்பு நிர்வாகி. சினிமா எடுக்கிறவர்கள் கனவு காண்பார்கள். அந்தக் கனவுக்கு எத்தனை வேன், எத்தனை சாண்ட்விச், எத்தனை நாள் பேட்டா என்று பட்ஜெட் போட்டுக் கொடுப்பவள் நான். பதினெட்டுப் படம் முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட ஒதுக்கிய தொகையை ஒரு சென்ட் தாண்டியதில்லை. டப்ளினில் என் முதுகுக்குப் பின்னால் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கருமி என்பதற்கு அதைவிடக் கெட்ட சொல். எனக்கு அதில் பெருமைதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பத்தொன்பதாவது படம் ஃபெர்கல் டோலனுடையது. அவனுக்கு முப்பத்து மூன்று வயது, இதுதான் முதல் படம். ஆறு வருடமாக அந்த ஒரே கதையைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அம்மா சோறு போடாவிட்டால் பட்டினியே கிடந்திருப்பான். ஒரு வழியாகத் திரைப்பட நிதியம் மனம் இரங்கி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் யூரோ கொடுத்தது. நிபந்தனை என்னவென்றால், ஒப்புக்கொண்ட திரைக்கதையை அக்டோபர் மாதம் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் பணம் திரும்பப் போகும், படமும் அதோடு போகும். அவனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. இந்தப் படம் எப்படியும் வெளியே வர வேண்டும் என்று அவனைவிட நான்தான் ஆசைப்பட்டேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரைக்கதையில் எல்லாம் கட்டுக்குள் இருந்தது, அறுபத்தொன்றாம் பக்கம் வரும்வரை. அந்தப் பக்கத்தில் கதாநாயகனின் அப்பா செத்துப்போகிறார். ஃபெர்கல் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஊரே திரண்டு வருகிறது. பெட்டி தோள் மாறித் தோள் மாறிப் போகிறது.' எழுதுகிறவனுக்கு அது ஒரு மூச்சு. எனக்கோ நானூறு துணை நடிகர்கள், அவர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, பேருந்து, கழிப்பறை வண்டி, கறுப்புக் கோட்டு, காப்பீடு. போட்டுப் பார்த்தேன். முப்பத்தோராயிரம் யூரோ வந்தது.

"ஃபெர்கல், ஊரே வர்றதுக்குப் பதிலா தெருவே வந்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகாது."

"அண்டை வீட்டுக்காரங்க ஆறு பேரு? பக்கத்துல கேமராவ வெச்சு, முகமா எடுத்துட்டா?"

"அட்ராக்டா, இந்தப் படமே அந்த ஒரு காட்சிக்காகத்தான். அதை வெட்டி எடுத்தீங்கன்னா என் உயிரை எடுத்த மாதிரி."

இப்படியெல்லாம் பேசுவார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவசரச் செலவுக்கென்று பத்தொன்பதாயிரம் தனியே வைத்திருந்தேன், அதோடு அங்கே இங்கே பிடித்துப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாம் வாரத்தில் அவன் மழை வாடகைக்கு எடுத்தான். லீட்ரிமில், சார்ஜென்ட். வானம் பொத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. நிஜ மழை கேமராவில் சரியாகத் தெரியவில்லையாம், அதனால் டப்ளினிலிருந்து குழாயும் தொட்டியுமாக ஒரு லாரி வந்தது. கொட்டுகிற மழையில் நின்று கொண்டு மழைக்குக் காசு கொடுத்தேன். அன்றைக்கு என் வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும். மீதி இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு யூரோ.

சும்மா கூப்பிட்டால் ஊர்க்காரர்கள் வர மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டேன். கோயில் கதவில், கூட்டுறவுக் கடையில், எல்லா இடத்திலும் அறிவிப்பு ஒட்டினேன். ஒருவனுக்கு மாடு கன்று போடுகிறது, ஒருத்திக்குத் தலைமுடிக்கு முன்பதிவு. ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சாப்பாடு எப்போது என்று மட்டும் கேட்டார்கள்.

யோசனை எனக்குக் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒன்பது மணிச் செய்தி முடிந்து வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கிறார்கள் அல்லவா. யார், எந்த ஊர், உடல் எந்த வீட்டில், திருப்பலி எத்தனை மணிக்கு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நம் ஊரில் சினிமாவுக்கு ஒன்பது பேர். சாவுக்கு? அழைக்கவே வேண்டாம், வருவார்கள். சொந்தக் கோட்டில் வருவார்கள், சொந்தக் காரில் வருவார்கள், வரும்போது ஒரு தட்டு சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைப்பார்கள். கோயில் இலவசம், பாதிரியார் இலவசம், அழுகை இலவசம். ஒரு நிஜச் சாவை அடக்கமாகப் படம்பிடித்தால் முப்பத்தோராயிரமும் மிச்சம். இதில் யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

ஒரே தடங்கல், யாரும் சாகவில்லை.

வழக்கமாக நம் கோயில் பங்கில் வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். அந்த அக்டோபரில் பத்து நாள் ஒன்றுகூட இல்லை. நான் ஃபாதர் டியர்னனைப் போய்ப் பார்த்தேன்.

"கடவுள் புண்ணியம், அட்ராக்டா, இந்த வருஷம் எல்லாரும் திடகாத்திரமா இருக்காங்க," என்றார்.

"சந்தோஷம் ஃபாதர். சுமாரா யாராச்சும்?"

"மேரி கேட் அம்மாவுக்கு இடுப்புல கொஞ்சம் வலி. மத்தபடி குண்டு கல்லாட்டம்."

"இடுப்பு வலியில ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"ஆகாது ஆகாது, கவலைப்படாத," என்று என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்.

படப்பிடிப்பில் இது எப்போதும் நடப்பதுதான். ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாது. ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் ஒரு தாளை எடுத்து, யார் போனால் ஊரே வரும் என்று எழுதினேன். முதல் பெயர் எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பேக்கி மல்வியை உங்களுக்குத் தெரியும். உங்களுக்கே அவர்தான் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தார். நாற்பது வருடம் கிளப்பில் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி. ஒருவரையும் பகைத்துக்கொள்ளாதவர். வயது எழுபத்தொன்பது, பெண்டாட்டி போய்ப் பத்து வருடம். அவர் போனால் கிளப்பே சீருடையோடு இரண்டு பக்கமும் நிற்கும், உடைச் செலவு இல்லை. யாருக்கு என்ன உதவி வேண்டுமானாலும் ஓடி வருவார். நான் ஊர் ஹால் கூரை ஓரத்தில் விளக்குக் கம்பி ஒன்றைக் கட்ட வேண்டும் என்றேன்.

"ஏ புள்ள, அதுக்கு ஆள் வேற தேடுவியா? நான் இருக்கும்போது?" என்று கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஏணி கொஞ்சம் பழசு, பேக்கி."

"நான் மட்டும் என்ன புதுசா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

மேலிருந்து நான்காவது படியில் ஆணி கழன்றிருந்தது. கழற்றியவளுக்குத் தெரியாமல் இருக்குமா. அவர் கோட்டை நான் கையிலேயே வைத்திருந்தேன், மண்ணில் விழ விடவில்லை. அன்று முழுக்க அழுதேன், அதை மறைக்க மாட்டேன். நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். வயசான காலத்துல இந்த மனுஷனுக்கு ஏணி எதுக்கு என்று சொல்லி, விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். எழுத்து அழகாக இருந்தது.

இன்று வரும், நாளை வரும் என்று வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று கேமராவும் தயார். பேக்கியின் முழுப் பெயரில் அறிவிப்பு வந்தது: 'பேட்ரிக் மல்வி. அன்னாரின் சொந்த விருப்பப்படி பொதுச் சடங்கு எதுவும் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் நேரடி எரியூட்டல். குடும்பத்தார் மட்டும்.'

சார்ஜென்ட், ட்ரம்ஃபின்னியில் பிறந்து வளர்ந்தவர் யாராவது இப்படி ஒன்றை எதிர்பார்ப்பார்களா? நம் பங்கில் ஆள் வராத சாவு என்று ஒன்று இருந்ததே இல்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால் முதலில் இதைத்தான் விசாரித்திருப்பாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, கடல் உப்பாகத்தானே இருக்கும் என்பது போல இருந்துவிட்டேன். என் முப்பது வருடத் தொழிலில் நான் செய்த ஒரே தவறு அது. அவர் மகளைத் துக்கம் விசாரிக்கப் போனேன்.

"அப்பாவுக்குக் காசு வீணாகுறது புடிக்காதுக்கா," என்றாள் அந்தப் பெண். "நாலாயிரம் யூரோ போட்டுப் பெட்டி வாங்கி, அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள வெக்கிறதான்னு கேப்பாரு."

மறுத்துப் பேச என்ன இருக்கிறது. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடிவிட்டது. ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஃபெர்கல் அன்று மாலை என் எதிரே வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தேதி பதினெட்டு ஆகிவிட்டது என்று மட்டும் தெரியும். கையால் முகத்தை மூடிக்கொண்டான். "முடிஞ்சுது அட்ராக்டா. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல," என்றான். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் கல்லில் செய்தவள் அல்ல.

இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் இறங்கினேன். கவுன்சிலர் மேட்டி கீனி. இருபத்தாறு வருடமாகத் தோற்காதவர். ஏன் தோற்கவில்லை? மாவட்டத்தில் எந்தச் சாவையும் விட்டதில்லை. தெரிந்தவர், தெரியாதவர், கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், எல்லா வீட்டிலும் முதல் வரிசையில் நின்று கை கொடுப்பார். நம் ஊரில் இது மொய் மாதிரிதான். நம் வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கு நாம் திரும்பப் போகாமல் இருக்க முடியாது. அவரைத் தேநீருக்கு வரச்சொன்னேன், நேராகவே கேட்டேன்.

"மேட்டி, உங்க சாவு எப்படி இருக்கணும்?"

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "ரெண்டு நாள் வீட்டுல பெட்டி தொறந்து இருக்கணும், கண்ணு. மூணு பாதிரியார். ஊர்வலம் பெரிய ரோடு வழியாத்தான், குறுக்குவழி கூடாது."

"குடும்பத்தோட மட்டும்னு இல்லையே?"

"குடும்பத்தோடயா? எதுக்கு? ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு சாவுக்குப் போயிருக்கேன், நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். வீட்டுக்கு ஒருத்தன் வந்தாக்கூட ஆயிரம் பேர். வராதவன் பேரை என் பொண்டாட்டி நோரீன் குறிச்சு வெப்பா, பாத்துக்க."

"எழுதியே வெச்சிட்டீங்களா?"

"வக்கீல்கிட்ட குடுத்தாச்சு," என்றார் பெருமையாக.

வக்கீலிடம் இருந்தால் சரிதான் என்று நினைத்தேன். அவருக்கு அக்ரூட் பருப்பு ஆகாது, தின்றால் மூச்சடைத்துவிடும் என்பது மாவட்டத்துக்கே தெரியும், எந்தச் சாவு வீட்டிலும் அவர் வந்தால் அக்ரூட் போட்ட காபி கேக்கை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். நான் எடுத்து வைக்கவில்லை. பருப்பை நைசாக அரைத்திருந்தேன். இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எங்க அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு என்றார். அவசரத்துக்கான ஊசி மருந்து அவர் காரில் இருந்தது. கார் சாவியை நான் எங்கேயோ வைத்துவிட்டேன். எங்கே என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. கேக்குக்குப் பதினொரு யூரோ நாற்பது ஆனது, உபசரிப்பு என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன். கேக்கில் பருப்பு இருந்ததே எனக்கு நினைவில்லை என்று நோரீனிடம் சொன்னேன். பாவம், அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்தச் சாவு எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்தானே. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்காக நன்றாகப் படம்பிடித்துத் தருகிறேன் என்று நோரீனிடம் அனுமதி வாங்கினேன். துக்கப் புத்தகத்தை நானே அச்சடித்துக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் சின்ன எழுத்தில் இரண்டு வரி: கீழே கையெழுத்திடுபவர் ஊதியம் எதுவும் பெறாமல் இந்தத் திரைப்படத்தில் தோன்றச் சம்மதிக்கிறார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். உங்களுடையது பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.

கதாநாயகனைக் குடும்பத்தாரின் பெஞ்சில் கடைசியில் உட்கார வைத்தேன். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன் பெஞ்சில் இருப்பவனுக்குக் கை கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் நம் ஆட்களுக்கு. அறுநூறு பேர் அவன் கையைப் பிடித்து "மனசைத் தேத்திக்கப்பா" என்றார்கள். கடைசியில் பையன் நிஜமாகவே அழுதுவிட்டான்.

கல்லறைக்குப் போகிற வழியில் ஃபெர்கல் என் காதருகே வந்தான். "இன்னொரு டேக் போலாமா? சூரியன் இப்பத்தான் வந்துச்சு," என்றான். நான் பெட்டி தூக்கினவர்களிடம் போய், தலைமாடும் கால்மாடும் மாறிவிட்டது, கோயில் வாசலிலிருந்து மறுபடி வாங்க என்று சொன்னேன். ஆயிரம் பேரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் திரும்பிப் போய் மறுபடி வந்தார்கள். காசு வாங்கிய துணை நடிகர்கள் இதைச் செய்வார்களா? அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி படப்பிடிப்பு முடிந்தது. கையில் முந்நூற்றெழுபத்தொரு யூரோ மிச்சம். ஃபெர்கல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சார்ஜென்ட். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எடிட்டிங். இரும்புக் கடைக்கு மேலே ஒரு அறை, வாடகை குறைவு. மூன்று மாதம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, படம் முழுசாச் சேர்ந்தாச்சு, வந்து பாருங்க என்று கூப்பிட்டான். பார்த்தேன். அறுபத்தொன்றாம் பக்கம் வர வேண்டிய இடத்தில் ஆணியில் அந்த அப்பாவின் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வினாடி. அப்புறம் அடுத்த காட்சி.

"ஃபெர்கல், சாவு எங்க?" என்று கேட்டேன்.

"அதைத் தூக்கிட்டேன். வெளியூர்ல ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன், சிரிக்கிறாங்க. ஒரு கிழவன் சாவுக்கு ஆயிரம் பேரா, நம்பவே முடியலன்னு சொல்றாங்க. எனக்கும் இப்பப் பார்த்தா செயற்கையாத்தான் தெரியுது."

"செயற்கையா?"

"நடிக்கிறாங்கன்னு அப்பட்டமாத் தெரியுது, அட்ராக்டா."

"நிதியம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கிட்டாங்க. ஒரு மெயில் போட்டேன், உங்க இஷ்டம்னுட்டாங்க. முன்னாடியே கேட்டிருக்கலாம்."

கதவைத் திறந்து என்னோடு வெளியே வந்தான். அவன் முகத்தில் எவ்வளவு நிம்மதி. படிக்கட்டின் மேல்படியில் நின்று, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் அதைச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும்.

"இந்தத் தொப்பி ஷாட் நாம ரெண்டாம் நாளே எடுத்தது. செலவே இல்ல பாருங்க. உங்களுக்குப் புடிக்குமே."

தள்ளினேன். பதினான்கு படி, கீழே சிமெண்டு. நான்தான் உங்களுக்குப் போன் செய்தேன், அவன் அம்மாவுக்கும் நான்தான் சொன்னேன்.

இப்போது நீங்கள் எழுதியிருப்பதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், தொழில் பழக்கம். மூன்று கொலை என்று போட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் திருத்திவிடுங்கள். பேக்கியும் மேட்டியும் படத்துக்கு ஆன செலவு, முறைப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஃபெர்கலுக்கு நான் எதையும் யோசிக்கவில்லை, ஒதுக்கவில்லை, அது படத்துக்காகவும் இல்லை. ஆத்திரத்தில் செய்தது. ஒன்று என்று எழுதுங்கள், சார்ஜென்ட், நான் கொலைகாரி என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரே ஒரு கொலைதான்.